பத்து மில்லி வருகிறதாம்

மாமா, உங்களுக்கு எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். மூன்று வரிக்கு மேல் இருந்தால் நீங்கள் எதையும் படிக்கமாட்டீர்கள். "கண்ணு வலிக்குது டிகிரி, வாய்ஸ் போடு" என்பீர்கள். பட்டம் வாங்கியதிலிருந்து நான் உங்களுக்கு டிகிரிதான். எனக்கோ வாய்விட்டுப் பேச வராது. அதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இன்று எழுதக் காரணம் உங்கள் போன்.

அது என்னிடம்தான் இருக்கிறது. என் அக்கா அதைத் தொடமாட்டேன் என்றாள்; அணைத்து வைக்கவும் விடவில்லை. நான்தான் சார்ஜ் போட்டு வைக்கிறேன். இன்று மத்தியானம் ஃபேக்டரி கேண்டீனில், பிளாஸ்டிக் பாக்கெட்டில் கட்டி வாங்கிய தே தாரிக் தேநீரின் சிவப்பு ரப்பர் பேண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது என் பைக்குள் அது அதிர்ந்தது. உங்கள் கம்பெனி காவலர்களின் வாட்ஸ்அப் குழு. உங்களை அதிலிருந்து இன்னும் யாரும் எடுக்கவில்லை. தேவா அண்ணன் ஒரு படம் போட்டிருந்தார். கறுப்பாக, கனமாக ஒரு கைத்துப்பாக்கி. ஏதோ வெளிநாட்டு இணையப் பக்கத்திலிருந்து வெட்டி எடுத்தது. கீழே, "இந்த வாட்டி கன்ஃபர்ம். பத்து மில்லி. அடுத்த மாசம் வருது லா" என்று எழுதியிருந்தார்.

வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒருவர் மட்டும் உங்களை நினைத்து, "அண்ணன் இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று போட்டிருந்தார்.

அந்த ரப்பர் பேண்டைக் கையில் வைத்துக்கொண்டு தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை மாமா. கோபம்தான் வந்தது.

இந்தப் பேச்சு முதலில் கிளம்பிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம். வேலை முடிந்து வரும் என்னை யோங் பெங் பஸ் நிலையத்தில் ஏற்றிக்கொண்டு, வழியில் ரொட்டி சானாய் கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினீர்கள். பணம் ஏற்றிச் செல்லும் வண்டியில் உங்களோடு காவல் போகும் தேவா அண்ணன் அங்கே இருந்தார். இடுப்பில் நீங்கள் கட்டிக்கொண்டு போகும் பழைய ரிவால்வரை 'முப்பத்தெட்டு' என்பீர்கள். அன்று தேவா அண்ணன் அதை 'தாத்தா சாமான்' என்றார். இனி பத்து மில்லிமீட்டர் தோட்டா போடும் துப்பாக்கியாம், 'பத்து மில்லி'யாம். தோட்டாவே சுண்டுவிரல் தண்டியாம்.

"மெர்சிங் ரோட்டுல யானை குறுக்க வந்தா கூட ஒரே அடி, தெரியுமா?"

"யானை எதுக்குடா பணவண்டிய மறிக்குது?" என்று கேட்டீர்கள். மேசையே சிரித்தது. ஆனால் அவர் போனில் காட்டிய படத்தை விட்டு உங்கள் கண் நகரவில்லை. நான் பேசாமல் இருப்பவள், பார்த்துக்கொண்டே இருப்பவள். உங்களுக்குப் பிடித்தது அதன் பலம் இல்லை. உங்கள் சட்டை இன்னொருவர் போட்டுக் கழற்றியது. பூட்ஸ் இன்னொருவருடையது, உள்ளே அட்டை வைத்துப் போட்டீர்கள். உங்கள் ரிவால்வரின் பிடியில் யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்து கீறியிருந்தது. உங்களுக்காகவே பெட்டி பிரித்துக் கொடுக்கப்படும் ஒன்று வருகிறது என்றதும் உங்கள் முகம் மாறியது. மேலே இருக்கும் யாரோ உங்களைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறார் என்று நம்பினீர்கள்.

பெருநாள் முடிந்து வரும் என்றார்கள். பிறகு தீபாவளி. பிறகு சீனப் புத்தாண்டு கழிந்ததும். துப்பாக்கி வரவே இல்லை. ஆனால் அதன் பெயரால் ஒவ்வொன்றாக நின்றுபோனது.

உங்கள் ரிவால்வர் உறையின் வாரில் இருந்த பட்டன் அறுந்து விழுந்தபோது ஸ்டோர் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டீர்கள். புதுத் துப்பாக்கி பெரியது, பழைய உறையில் நுழையாது, இந்த நேரத்தில் முப்பத்தெட்டுக்கு உறை வாங்கினால் வீண் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதை வீட்டில் சொல்லிச் சிரித்தீர்கள்.

"வரப்போற மாப்பிள்ளைக்கு அளவெடுத்துட்டானுங்க. இருக்கறவனுக்குத்தான் சட்ட இல்ல."

அதற்குப் பிறகுதான் ரப்பர் பேண்ட். உறையைச் சுற்றி இரண்டு சுற்று. நீங்கள் மட்டும் இல்லை, பாதிப் பேர் அப்படித்தான் கட்டினார்கள். நாலு நாளில் அது இற்றுப்போகும். தேநீர் பாக்கெட்டில் வருவதையெல்லாம் அக்கா சமையலறைக் கதவுப் பிடியில் மாட்டிச் சேர்த்தாள். ஃபைல் கட்ட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தீர்கள். காலையில் நீங்கள் கிளம்பும்போது அவளே இரண்டை எடுத்துக் கையில் தருவாள்.

இன்னொன்று அந்தப் புத்தகம். காலையில் ஆயுதம் வாங்கும்போது அதன் நிலை என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் 'பாய்க்' என்றுதான் எழுதினீர்கள், நன்றாக இருக்கிறது என்று. வேறு எதையாவது எழுதினால் அன்றைக்கு வண்டியில் இடமில்லை; ஏதாவது ஒரு கிடங்கு வாசலில் வெயிலில் நிற்க வேண்டும். அதோடு, இன்னும் ஒரு மாதத்தில் போகப்போகிற சாமானைப் பற்றி எதற்கு எழுதிக் கெட்ட பெயர் வாங்க வேண்டும் என்றார்கள்.

ஃபேக்டரியில் நான் தரம் பார்ப்பது பிளாஸ்டிக் நாற்காலி மாமா. ஒரு காலில் தலைமுடி அளவு விரிசல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவேன். யாராவது உட்கார்ந்து விழுந்துவிடுவார்களாம். நம் டாமான் குடியிருப்பில் முதல் பட்டதாரியான என்னைச் சம்பளம் கொடுத்து அதற்காக வைத்திருக்கிறார்கள். உங்கள் இடுப்பில் இருந்ததற்கு ஸ்டிக்கர் ஒட்ட ஓர் ஆள் இல்லை.

ஒருநாள் வேலை நேரத்தில் உங்கள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. வழக்கமாக அதில் ஒரு கேலி இருக்கும். அன்று இல்லை.

"டிகிரி, மலாய்ல ஒரு லெட்டர் எழுதித் தா. உறையில பட்டன் இல்ல, துப்பாக்கி சுத்தியலு லூசா இருக்கு, ரெண்டு தடவ தானா விழுந்துச்சுன்னு எழுது. வண்டியிலேர்ந்து எறங்குறப்பல்லாம் இடுப்பக் கையில புடிச்சிக்கிட்டுதான் எறங்குறேன். பயமா இருக்குமா. அக்காகிட்ட சொல்லாத."

அன்றே எழுதினேன். மானேஜரிடம் கொடுக்கும்போது நீயும் கூட வா, நீ பேசினால் மதிப்பார்கள் என்றீர்கள். மானேஜர் முன்னால் நான் பேசுவதா? ஒரு வாரம் நாள் கடத்தினேன். பிறகு நீங்களே கடிதத்தை மடித்துக்கொண்டு வந்து, "பொறுத்துப் பாப்போம். அடுத்த மாசம் வந்துருதாம்" என்றீர்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வதந்தி சூப்பர்வைசருக்கு மட்டும் உதவவில்லை, எனக்கும் உதவியது.

அது நடந்த காலையில் பொந்தியானில் தூறல். ஒரு வங்கியின் பின்வாசலில் வண்டியிலிருந்து இறங்கினீர்கள். ரப்பர் பேண்ட் அறுந்தது. ரிவால்வர் சிமெண்டுத் தரையில் விழுந்து வெடித்தது. தொடையில் குண்டு பாய்ந்த இடத்தைத் தேவா அண்ணன் தன் சட்டையைக் கழற்றிக் கட்டிப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்களாம். என்ன பேசினீர்கள் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

கம்பெனி விசாரணைக்கு அக்காவோடு நானும் போனேன். குளிரூட்டிய அறை. ஒருவர் அறிக்கையை வாசித்தார்: கம்பெனி கொடுத்த பாதுகாப்பு வாரைப் பயன்படுத்தாமல், ஊழியர் தன் வசதிக்காக ரப்பர் பேண்டைப் போட்டிருக்கிறார், ஆயுதம் நல்ல நிலையில் இருந்ததாக அவரே தினமும் கையெழுத்திட்டிருக்கிறார், ஆகவே இது ஊழியரின் அஜாக்கிரதை. உங்கள் கையெழுத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார்கள். பாய்க், பாய்க், பாய்க். கடைசியாக ஒரு சிறிய பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார்கள். உள்ளே அறுந்த சிவப்பு ரப்பர் பேண்ட்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அது எங்க வீட்டு ரப்பர் பேண்டுங்க" என்றாள்.

சூப்பர்வைசர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். தேவா அண்ணன் தரையைப் பார்த்தார். என் பையில் அந்தக் கடிதத்தின் நகல் இருந்தது, போனில் உங்கள் குரல் இருந்தது. நானும் தரையைத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா கதவுப் பிடியில் மாட்டியிருந்த அத்தனையையும் கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பையில் போட்டாள். அப்பா அசட்டையா இருந்தாராம்மா என்று உங்கள் மகள் கேட்டபோது அக்கா குப்பைக்கூடையை மூடி வெளியே எடுத்துப் போனாள். அக்காவும் அதைத்தான் நம்புகிறாள் மாமா. உங்கள்மேல் அவளுக்குக் கோபம். அதைவிடத் தன்மேல்.

ஆகவே இன்று அந்தப் படத்தைப் பார்த்ததும் ஒன்று செய்தேன். உங்கள் போனில், உங்கள் பெயரில், அந்தக் குழுவில் ஒரு வரி எழுதினேன்.

"உறைக்குப் பட்டன் வந்துச்சா?"

கட்டைவிரல்கள் நின்றுவிட்டன. எல்லோரும் படித்ததற்கு நீலக் குறி விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது. தேவா அண்ணன்.

"அலமாக், யாரு அது? டிகிரியா?"

"ஆமாண்ணே. பட்டன் வந்துச்சா?"

"இல்லம்மா. புதுசுதான் வருதுன்னு..."

"இன்னிக்குக் காலையில எத்தன ரப்பர் பேண்ட் போட்டீங்க?"

"ரெண்டு."

கேண்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றுகொண்டு பேசியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. எந்த நாட்டில் எந்தக் கம்பெனி எவ்வளவு பெரிய துப்பாக்கி செய்தாலும் எனக்குக் கவலை இல்லை என்றேன். யானையைச் சாய்க்கும் தோட்டாவைப் பற்றிப் பேசுவதற்குப் பதினெட்டு மாதம் கிடைத்தது, ஒரு பட்டன் தைக்க ஒருநாள் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். வரும் செவ்வாய்க்கிழமை, இழப்பீட்டை முடிவு செய்ய, கம்பெனியில் மறு விசாரணை இருக்கிறது, வருவீர்களா என்றேன். தன் கையெழுத்தும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறதே என்றார். அதனால்தான் கூப்பிடுகிறேன் என்றேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவர் வராவிட்டாலும் நான் பேசுவேன். மலாய் வார்த்தைகள் முன்பின்னாக வரும். ஆனாலும் கடிதத்தை மேசையில் வைப்பேன். அதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் என் பங்கையும் சொல்வேன். ஆனால் அது நான் தட்டச்சு செய்த வெறும் தாள். நேற்று எழுதினேன் என்றுகூடச் சொல்வார்கள். உங்கள் குரலை அப்படிச் சொல்ல முடியாது.

அதை அந்த அறையில் போட்டுக் காட்டுவதற்கு முன்னால் அக்கா கேட்க வேண்டும். அந்நியர்களோடு உட்கார்ந்து அவள் அதை முதல்முறையாகக் கேட்கக் கூடாது. சனிக்கிழமை காலையில் அவளை அடுப்படியில் உட்கார வைத்து, இந்தப் போனை அவள் முன்னால் வைத்து உங்கள் குரலைப் போடப்போகிறேன்.

இதுவரை தள்ளித் தள்ளி வந்ததை இப்போது கேட்கிறேன் மாமா. பயமா இருக்கு என்று நீங்கள் என் ஒருத்தியிடம்தான் சொன்னீர்கள், சொல்லாதே என்றும் சொன்னீர்கள். எட்டு மாதம் சொல்லவில்லை. இனி அந்தச் 'சொல்லாத' என்ற வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பயந்தீர்கள் என்று அவளுக்குத் தெரியட்டும். பயந்த மனிதன் அசட்டையாக இருக்கமாட்டான்.