கமாவுக்கு உண்ணி எடுப்பது யார்

மே 4, ஞாயிறு

காலை ஆறரைக்கே வெயில் முகத்தில் அடிக்கிறது. கத்திரி இன்று தொடக்கம் என்று காலண்டர் சொல்கிறது. ஆரணியில் ஒரு வாரம் முன்பே தொடங்கிவிட்டது.

கமாவுக்கு உண்ணி எடுத்தேன். வலது காது 6, இடது காது 4, கழுத்துப்பட்டைக்குக் கீழே 3. மொத்தம் 13. இரண்டு பெரியவை, ரத்தம் குடித்துச் சாம்பல் நிறமாகி, துவரம்பருப்பு அளவு. மற்றவை எள் அளவு. எல்லாம் சோப்புத் தண்ணீர் டப்பாவில்.

நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு முறை உறுமியது. ஐந்து வருடமாகச் சோறு போடுகிறவனைப் பார்த்து.

முடிந்ததும் உடம்பை உதறிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவர் சரிந்த மூலை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. போகும்போது அந்த வால்! கமா போட்டதுபோல் வளைந்த வால். அதைப் பார்த்துத்தான் நாய்க்குட்டியாக வந்த அன்றே அந்தப் பெயர் வைத்தேன். வைத்தவன் நான்.

எட்டிப் பார்த்தேன். ஏகாம்பரத்தின் சிமெண்ட் தரையில் மல்லாந்து, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடக்கிறது. அவர் விரலால் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உண்ணி எடுக்கிறார். உறுமல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், நீங்க பாத்துட்டீங்களா? இங்க அக்குள்ல ஒரு குடும்பமே கீது" என்றார்.

நான் அக்குளில் பார்க்கவில்லை.

மே 5, திங்கள்

சேத்துப்பட்டில் ஜமாபந்தி. கூட்டம், வியர்வை, மின்விசிறி இல்லாத பந்தல். பட்டா கேட்டு வந்த ஒரு பெண்ணின் பேட்டி நன்றாக அமைந்தது. செய்தி மூன்றரைக்கு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தால் கமா இல்லை. மனைவி கோமதியைக் கேட்டேன்.

"அண்ணன் வூட்ல கீது. வேற எங்க போவும்?"

அண்ணன் என்றால் ஏகாம்பரம். அவர் வேலை, பாவு பிணைப்பது. தறியில் பழைய பாவு, அதாவது நீளவாட்டு நூல், முடியும்போது அதன் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வோர் இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பட்டு இழை வழுக்கும். அதனால் விரலில் சாம்பல். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் முறுக்கல். யாராவது கூப்பிட்டால் போவார். கூப்பிடாத நாளில் வீட்டில். இந்த மாதம் அவரை யாருமே கூப்பிடவில்லை போலிருக்கிறது.

கோமதி மேலும் சொன்னாள்: "அவரு கை பட்டா அப்படியே சொக்கிப் போவுது. நீங்க ஏதோ ஸ்டேஷன்ல விசாரிக்கிற மாதிரி காதைப் புடிச்சுத் திருப்புறீங்க."

நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன்.

அவரிடம் இருப்பவை, என்னிடம் இல்லாதவை:
சாம்பல்.
அந்த விரல்கள்.
பகலில் வீட்டில் இருக்கும் வசதி.
குளிர்ந்த தரை. பட்டில் தூசு படக்கூடாது என்று ஒரு கீறல்கூட இல்லாமல் பூசி வைத்திருக்கிறார்.
என் மனைவியின் நல்ல அபிப்பிராயம்.

மே 7, புதன்

கயிறு வாங்கி வந்தேன். கமாவை நம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் முருங்கை நிழலில் கட்டினேன். சரிந்த மூலையில் பழைய தகரம் வைத்து அடைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏகாம்பரம்: "சார், செவுத்தாண்ட கட்டாதீங்க. அந்தச் செவுத்துல..."

"நிழல் இருக்கு, போதும்" என்றேன்.

முப்பது வருடமாக யார் பேசினாலும் முடிக்க விடுவது என் வழக்கம். அதில்தான் செய்தி கிடைக்கும். இன்று விடவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

உண்ணி பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாசியில் பெரணமல்லூர் கால்நடை முகாமுக்குப் போய் அதைப் பற்றியே அரைப் பக்கம் எழுதியவன். கட்டிங் ஃபைலில் இருக்கிறது.

மே 8, வியாழன்

மருந்துக்கடையில் உண்ணி ஷாம்பு. பத்து நிமிடம் ஊற வைத்துக் குளிப்பாட்டினேன். சட்டை முழுக்க நனைந்தது. கமா என்னைப் பார்க்கவில்லை; தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நாங்களும் வீட்டில் இரண்டு சாம்பல் கட்டி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தோம். "நாங்கள்" என்று ஏன் எழுதினேன்? நான். கோமதி சிரித்துக்கொண்டு நின்றாள். சாம்பல் கண்ணில் விழுந்து கமா தும்மியது.

மே 11, ஞாயிறு

உண்ணி: பூஜ்யம்.

கோமதியிடம் சொன்னேன். "கால் வெரலுக்கு நடுவுல பாத்தீங்களா? அண்ணன் அங்கதான் மொதல்ல பாப்பாரு" என்றாள்.

அங்கே தொட்டால் கமா காலை இழுத்துக்கொள்கிறது. வலிந்து பிடிக்கவில்லை. பூஜ்யம் பூஜ்யம்தான்.

மாலையில் ஏகாம்பரம் வாசலில் நின்று, "ரிப்போர்ட்டர் சார், புள்ள எப்படி கீது?" என்றார். என் நாயை அவர் புள்ள என்கிறார். நன்றாக இருக்கிறது என்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டுச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்.

மே 13, செவ்வாய்

தேசூர். குடிநீர்க் குழாய் உடைப்பு, சாலை மறியல். நாற்பது பேர் என்று போலீஸ் சொன்னது. நான் எண்ணியதில் அறுபத்திரண்டு.

கமா இரவுச் சோற்றில் பாதியை விட்டுவிட்டது.

மே 14, புதன்

காலையில் தட்டில் வைத்த பால் அப்படியே இருக்கிறது, எறும்பு மொய்த்து. கமா சுவர் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறது. கூப்பிட்டால் கண் மட்டும் திரும்புகிறது.

ஏக்கம். வேறென்ன? ஒரு வாரமாக அவரைப் பார்க்கவில்லை, அதனால் சோறு இறங்கவில்லை. ஐந்து வருடத்தில் நான் எத்தனை முறை வெளியூர் போயிருக்கிறேன். தேர்தல் நேரத்தில் நாலு நாள்கூட. ஒரு வேளையாவது எனக்காகப் பட்டினி கிடந்ததா என்று கோமதியிடம் கேட்டேன்.

"அதும்மேல பொறாமப்பட்டுகினு கீறீங்க" என்றாள்.

"அதன் மேல் இல்லை."

"சரி, அவரு மேல. அவரு சொன்னாரு, செவுத்து மேலேந்து பாத்தாராம். நாயி வாயத் தொறக்கசொல்ல ஈறு வெளுத்து கீதாம். ஜல்தியா டாக்டராண்ட இட்டும்போவச் சொன்னாரு."

வெளுப்பு, சிவப்பு பார்க்க இதென்ன சாயப்பட்டறையா என்றேன். கோமதி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நாளை பார்க்கலாம்.

மே 15, வியாழன்

எழுத நேரம் இப்போதுதான். மாலை ஐந்து.

காலையில் கமா எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. படுத்த இடத்திலேயே சிறுநீர், டீ டிகாஷன் நிறத்தில். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு, காகிதம்.

ஆட்டோக்காரர் நாய் என்றதும் கிளம்பவில்லை. பைக்கில் தனியாக வைத்துக்கொண்டு போக முடியாது. கோமதிக்கு முட்டி வலி, பின்னால் ஏற முடியாது. சுவருக்கு அருகே போய் நின்றேன். எத்தனை நேரம் நின்றேன் என்று குறிக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

சட்டை மாட்டாமலே தகரத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. கோமதியின் பழைய புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். வண்டி போகும்போது கமாவின் முகம் என் முதுகில். மூச்சுக் காற்று சட்டையைத் தாண்டிச் சுட்டது.

"மெதுவா போங்க சார், பள்ளத்துல உடாதீங்க" என்றவர், காந்தி சாலை தாண்டியதும், "இன்னா சார், மாட்டு வண்டி ஓட்றீங்களா, ஜல்தி போங்க" என்றார்.

மருத்துவமனையில் பெண் டாக்டர். ரத்தம் எடுத்தார். கால் விரல்களை விரித்து டார்ச் அடித்தார். எண்ணினேன், பழக்கம். முன் கால்கள் இரண்டில் மட்டும் 19. வால் அடியில் 5. அதற்கு மேல் எண்ணவில்லை.

"உண்ணிக் காய்ச்சல். ரத்தம் ரொம்பக் கொறைஞ்சிருக்கு. ஊசி போடுறேன், ட்ரிப்ஸ் ஏத்துறேன். ரெண்டு நாள் போனாத்தான் பொழைக்குமான்னு சொல்ல முடியும்."

எப்போது வந்திருக்கும் என்று கேட்டேன். கடி பத்துப் பதினைந்து நாள் முந்தியதாக இருக்கலாம் என்றார். அதாவது நான் கட்டிப் போடுவதற்கு முன்பேகூட. ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அவரே, "நேத்தே கொண்டாந்திருக்கலாம்ல?" என்றார்.

ஏகாம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்று சொன்னது அவர். அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

திருத்தம்: 11ஆம் தேதிக் குறிப்பில் "உண்ணி: பூஜ்யம்" என்று இருப்பது தவறு. "நான் பார்த்த இடங்களில்" என்று இருக்க வேண்டும்.

மே 16, வெள்ளி

மறுபடியும் ஊசிக்கு. அதே வண்டி, அதே மடி.

ட்ரிப்ஸ் இறங்கும் நேரத்தில், வேப்பமரத்தடியில் அவரிடம் கேட்டேன்: "அன்னைக்கு சுவரைப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"அத்த வுடுங்க சார்."

"சொல்லுங்க. முடிக்க விடுறேன்."

சிரித்துவிட்டார். "நீங்கதான சார் எழுதினீங்க? பெரணமல்லூரு முகாமு. உண்ணி ஒடம்புல கொஞ்ச நாளுதான் கீது, மிச்ச நாளு செவுத்துச் சந்துலதான் முட்ட போட்டுகினு கீது, மொதல்ல சந்தப் பூசுங்கன்னு. அத்தப் படிச்சுட்டுதான நான் எங்க பக்கம் பூரா சிமெண்டு வச்சுப் பூசினேன். எனக்கின்னா தெரியும் உண்ணியப் பத்தி? நானு நூலு முறுக்குறவன்."

வீட்டுக்கு வந்து ஃபைலை எடுத்தேன். நாலாம் பத்தி. என் வாக்கியம். "சுவர் இடுக்குகளைப் பூசாமல் விலங்கை மட்டும் சுத்தம் செய்வது பயன் தராது." நல்ல வாக்கியம். பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய் முருங்கைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே மண் பூச்சு உதிர்ந்து விரல் போகும் அளவு சந்து. அதற்குள் ஊர்கிறது.

ஏழு நாள் அங்கே கட்டியிருந்தேன். இல்லை, எண்ணினால் எட்டு.

மே 17, சனி

இரவு முழுக்கக் கூடத்தில் அதன் பக்கத்தில் படுத்தேன். காலை ஏழரைக்கு ஏகாம்பரம் வந்து மறுபக்கம் உட்கார்ந்தார். நான் கஞ்சி ஊட்டினேன், வாயைத் திருப்பிக்கொண்டது. அவர் ஊட்டினார், அதற்கும் திருப்பிக்கொண்டது. உண்மையைச் சொன்னால், அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. வெட்கமும்.

கோமதி சமையலறையிலிருந்து வந்து, தயிர் சாதத்தைப் பிசைந்து விரலில் எடுத்து நீட்டினாள். நக்கியது. மூன்று வாய்.

"ரெண்டு பேரும் எய்ந்து அப்பால போங்க, காத்து வரட்டும்" என்றாள்.

போனோம்.

மே 20, செவ்வாய்

டாக்டர்: "தப்பிச்சிருச்சு. மாத்திரைய மட்டும் நடுவுல விட்டுறாதீங்க." இன்னும் மூன்று வாரம். உண்ணி எடுக்கும்போது கையுறை போடவும் சொன்னார். ஏகாம்பரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

மதியம் சிமெண்ட் வந்தது. சுவரைப் பூசினோம், அவர் அந்தப் பக்கம் ஏற்கெனவே முடித்ததால் இருவரும் இந்தப் பக்கம். எனக்குக் கரண்டி பிடிக்க வரவில்லை. சரிந்த மூலைக்கு வந்ததும் செங்கல் வைத்து மூடலாமா என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் கலவையைக் கிளறினார்.

அதை அப்படியே விடுங்கள் என்றேன். தகரத்தையும் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

கை கழுவும்போது அவர் சொன்னது, சொன்னபடியே:

"உங்களுக்கு ஒண்ணு சொல்றேன் சார். எனக்கும் பேஜாராதான் கீது. மணிக்கணக்கா ஒக்காந்து அதுக்கு உண்ணி எடுப்பேன். அப்டியே தூங்கிகினு கீற மாதிரி கெடக்கும். தெரு முனையில உங்க வண்டி சத்தம் வந்துச்சுன்னா போதும், காது ரெண்டும் எய்ந்துக்கும். அப்பால என் கைய உதறிட்டு ஒரே ஓட்டம். ஒரு நாளு கூட, ஒரே ஒரு நாளு கூட, திரும்பி என்னப் பாத்ததில்ல."

நான் வரும்போது அது எங்கிருந்து ஓடி வருகிறது என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை.

மே 24, சனி

மேகம். காற்றில் கொஞ்சம் ஈரம். மழை இல்லை.

கமா இன்று சரிந்த மூலை வரை தானாக நடந்தது. நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் செய்தித்தாளைப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். போனது.

நானும் பின்னாலேயே போனேன், கையுறை ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு. அவர் போட மாட்டேன் என்றார், சாம்பல் ஒட்டாதாம். நான் டார்ச் பிடித்தேன். உண்ணி: 2. விரல் இடுக்கு, அக்குள், வால் அடி எல்லாம் பார்த்து. இரண்டும் அவர் எடுத்தவை. கமா மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தது. இன்னும் பிடிக்கவில்லை எனக்கு, அந்தக் கண் மூடல்.

மாலையில் எந்தச் செய்தியும் இல்லை, எங்கும் போக வேண்டியதும் இல்லை. கமா இன்னும் அங்கேதான் இருந்தது. வண்டியை எடுத்தேன். கோமதி எங்கே என்றாள். சும்மா என்றேன். பழைய பேருந்து நிலையம் வரை போனேன், ஒரு டீ குடித்தேன், திரும்பினேன்.

தெரு முனையில் ஹாரன் அடிக்கவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. எப்போதும் வருகிற மாதிரியே வந்தேன்.