இப்போது திறந்திருக்கிறது

பள்ளிக்குக் கிளம்பிய சந்திரமதி டீச்சர், தூங்கும் மகளுக்குச் சீட்டு எழுதினாள்.

“ரக்ஷனா, இட்லி மூடி வெச்சிருக்கேன். சம்பல் ஃப்ரிட்ஜ்ல. கேட் சாவி ஷூ ரேக் மேல. அப்பா போன் லைனை வெட்டச் சொல்லி நேத்து கத்தினேன்ல? அதுக்கு முன்னாடி கிளாஸ்ல அப்பாவோட ஜாலான் புசார் ரோட்டுக் கடையைத் தேடிக் காட்டினேன். அவர் தவறிப்போய் ரெண்டு வருஷம், நெட்ல இன்னும் ‘இப்போது திறந்திருக்கிறது’ன்னு இருக்கு. ‘நெட்டை அப்படியே நம்பாதீங்க, கேட்டுப் பாருங்க’ன்னு ஸ்பீக்கர்ல அந்த நம்பரைப் போட்டேன். நீ அந்த லைனை இன்னும் வெச்சிருக்கிறது அப்ப எனக்குத் தெரியாது.”

பேனா நின்றது. யாரும் எடுக்காதபோது ஒலிக்க அவர் பதிந்து வைத்திருந்த குரல் நேற்று வகுப்பறையில் கேட்டது: “கடை தொறந்துதான் இருக்கு, நேரா வாங்க லா.”

முன்வரிசை மாணவி கேட்டாள்: “டீச்சர், அவரே சொல்றாரு லா. அப்ப நெட்ல போட்டது கரெக்ட்தானே?”

சந்திரமதியின் பேனா மறுபடி நகர்ந்தது.

சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்: “லைனை வெட்டாதே. இன்னிக்கு அடுத்த கிளாஸுக்கும் அதே பாடம். பத்தரைக்கு அந்த போன் அடிக்கும். நீ எடுத்துடாதே. அவர் பேசட்டும்.”