நடைவழியைக் குறுக்கியது நான்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அண்ணன் வீட்டுச் சின்னது நடக்க ஆரம்பித்துவிட்டது, வீட்டில் ஒரு சாமானும் அதன் இடத்தில் இல்லை.

போன மாதம் போனில் அழுதாயே, கூட வேலை செய்யும் பெண் உன் திட்டத்தை அத்தனை பேர் முன்னால் குறை சொல்லிவிட்டாள் என்று, அப்போது நான், "பொறாமைம்மா, விட்டுக்கொடுக்காதே" என்றேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம், போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் கிடங்கில் அடுக்குகளை நெருக்கி வைத்தால் இன்னொரு வரிசை கொள்ளும் என்று நான் ஒரு படம் போட்டுக் காட்டினேன், மேலாளர் தட்டிக்கொடுத்தார். கிடங்குக்குள் சரக்கு வண்டி ஓட்டுகிற மாமா, சின்ன வயதில் நீ தோளில் ஏறினால் இறங்க மாட்டாயே அவர்தான், அதைப் பார்த்துவிட்டு, "நடைவழி குறுகுதுப்பா, வண்டி ரிவர்ஸ்ல வந்தா ஆள் ஒதுங்க இடமில்ல" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. "ஒழுங்கா ஓட்டினா ஒதுங்க வேண்டிய அவசியமே வராது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்து வைத்தார், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுக்குகளை நெருக்கி வைத்த மூன்றாவது வாரம், நீ போனில் அழுத சில நாளில், விழுந்த பெட்டியை எடுக்க அவர் இறங்கியபோது இன்னொரு வண்டி ரிவர்ஸில் வந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சுவரைப் பார்த்தபடி, "நான்தான் இன்னொரு தடவ சொல்லியிருக்கணும், சிரிச்சாங்களேன்னு விட்டுட்டேன்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேனம்மா. விசாரணைக்கு வந்தவர்களிடம் அவர் அன்று எச்சரித்ததையும் என் பதிலையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், வேலை நிலைக்குமா தெரியவில்லை. அடுக்குகளை இப்போது பழையபடி தள்ளி வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெண் சொன்னது தப்பாகவே இருக்கலாம். இருந்தாலும் அவளிடம் போய், என்ன குறை கண்டாய், இன்னொரு தடவை சொல் என்று கேள். கசப்பாகத்தான் இருக்கும். அவள் வாயை மூடிக்கொள்வதற்கு முன்னால் கேட்டுவிடு. உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். மாமாவிடம் போனில் பேச மறந்துவிடாதே, உன்னிடம் என்றால் பேசுவார். இப்போதெல்லாம் நான் போனால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா