டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த சுவிட்ச்

இதை எழுதும்போதும் என் இடது கை சும்மா இல்லை. கட்டைவிரல் அளவுள்ள கறுப்புச் சுவிட்ச் ஒன்றை மேசைமேல் வைத்துத் தட்டிக்கொண்டே இருக்கிறது. டக், டக். பக்கத்து அறையிலிருந்து என் மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள், "அங்க என்னங்க சத்தம்?" என்று. ஒன்றுமில்லை என்றேன். மாப்ள, இது உன் காரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது என்று அவளிடம் சொன்னால், ஏன் கழற்றினீர்கள் என்பாள். அதற்குப் பதில் சொல்ல ஆறு வருடம் பின்னால் போக வேண்டும். உனக்கே சொல்லாததை அவளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

உன் வெள்ளை ஸ்டேஷன் வேகனின் ஏசி கம்ப்ரசர் கத்த ஆரம்பித்த கோடை அது. பேரிங் தேய்ந்துபோய், ஸ்டார்ட் செய்தாலே பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம். இந்த வயசு வண்டிக்குப் பாகம் கிடைப்பது கஷ்டம் என்று ஒர்க்‌ஷாப்காரர் கையை விரித்துவிட்டார். நீ கொஞ்சமும் கலங்கவில்லை. "குளிர் ஊர்ல காடிக்கு ஏசி எதுக்கு லா மச்சான்? கழட்டிப் போட்டுருவோம்" என்றாய். நானும் உடனே தலையாட்டினேன். நீ காரைக் 'காடி' என்று சொல்லும் ஈப்போவில் வளர்ந்தவன், நான் மதுரையில் வளர்ந்தவன். நம் இரண்டு பேருக்கும் ஏசி என்றால் வெயிலுக்கு. அது காருக்குள் இருக்கும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மழைக்காலத்தில் கண்ணாடியில் பனி படியாமல் காப்பாற்றுகிறது என்பது, எக்ஸ்ரே எடுக்கிற உனக்கும் தெரியாது, கம்ப்யூட்டரைக் கட்டி அழுகிற எனக்கும் தெரியாது. இந்த ஊரில் குளிரும் மழையும் சேர்ந்து வரும் அந்த ஜூலையில்தான் தெரிந்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கும் மறு கையால் துண்டுமாக நீ கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டியதைப் பார்த்து, அந்த ஒர்க்‌ஷாப்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் என்னை அரித்துக்கொண்டிருப்பது அந்தக் கூத்து அல்ல.

ஏசிக்குள் இருந்த கேஸை ஒனஹங்காவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முறைப்படி இறக்கிவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை ஹில்ஸ்பரோவில் உன் கராஜில் இறங்கினோம். உன் வேலைப் பாணி உனக்கே உரியது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனித் தயிர் டப்பாவில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று மூடியில் எழுதிவைப்பாய். ஒரு நட்டுக்குக் கால் மணி நேரம். எனக்கோ இருப்புக்கொள்ளாது. கம்ப்ரசர் வெளியே வந்தது; ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த கண்டென்சரை இருவரும் இழுத்து எடுத்தோம்; குழாய்களும் போயின. மிச்சம் இருந்தது வயர்கள் மட்டும். உள்ளேயிருந்து உன் மனைவி செல்வி சாப்பிடக் கூப்பிட்டாள். நீ கையைத் துடைத்துக்கொண்டே, "வயர மட்டும் தொட்டுறாத மச்சான். சாப்ட்டு வந்து நிதானமா பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

நான் தொட்டேன்.

கம்ப்ரசருக்குப் போன வயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதே கட்டில் இன்னொரு மெல்லிய வயரும் இருந்தது. எல்லாம் ஏசி சமாசாரம்தானே என்று இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டி, முனைகளில் கறுப்பு டேப் சுற்றி, உள்ளே தள்ளிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. சாப்பிட்டு முடித்து நீ வந்து, "வயர் எங்க?" என்று கேட்டாய். "கம்ப்ரசர் வயர் ஒண்ணுதான் மாப்ள, டேப் போட்டு ஓரமா அங்கிட்டு விட்டுட்டேன்" என்றேன். ஒன்று என்று ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தொடாதே என்று சொன்னதைத் தொட்டுவிட்டதால் குற்றத்தைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன் போலிருக்கிறது. நீ என் முதுகில் தட்டிக்கொடுத்தாய். எனக்கு அது பிடித்தும் இருந்தது, அதுதான் வெட்கக்கேடு.

மூன்றாவது வாரம் உன் போன் வந்தது. பாட்டனி டவுன்ஸில் உன் மகள் பாப்பாவின் தோழிக்குப் பிறந்தநாள் என்று மூன்று பேரும் கிளம்பியிருந்தீர்கள். மோட்டார்வேயில் வண்டிகள் நகராமல் நின்றிருக்கின்றன. ஓடும்போது காற்றுப் பட்டு என்ஜின் குளிர்ந்துவிடும். நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் சுற்றியாக வேண்டும். அது சுற்றவில்லை. ஆவி கிளம்பி, பத்து வயதுப் பிள்ளை பின்சீட்டில் அலறி, நீங்கள் சாலையோரப் புல்லில் இறங்கி நின்றீர்கள். நான் மாசியில் இருக்கும் என் வீட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மெல்லிய வயர் ஃபேனுடையது. வழி முழுவதும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கியதும் நீ முந்திக்கொண்டாய்.

"என் தப்பு மச்சான். கண்டென்சர இழுக்கிறப்ப எங்கயோ ஃபேன் வயர அத்துட்டேன் போல. பிள்ளைய வச்சிக்கிட்டு... என்னா வேலை பண்ணிருக்கேன் பாரு."

செல்வி உன்னைப் பார்க்கவே இல்லை. அந்த நேரத்தில் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம்தான் ஆறு வருடம் ஆனது.

அறுந்த இடம் கிடைக்கவில்லை என்று சொல்லி, ஃபேனுக்குப் புதிதாக வயர் இழுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் இந்தச் சுவிட்சைப் பொருத்தினாய். அதன்பிறகு உன் காரில் நான் எப்போது ஏறினாலும், வண்டி சிக்னலில் நின்றதும் நீ குனிந்து டக் என்று தட்டுவாய். தட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "போட்டாச்சு மச்சான்" என்பாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். உன் காரில் ஏறாமலிருக்க எத்தனை சாக்குச் சொல்லியிருப்பேன் தெரியுமா? முதுகுவலி என்றேன், மனைவிக்கு வண்டியில் தலைசுற்றும் என்றேன். நீயும் விடாமல் வீட்டு வாசலுக்கே வந்து ஹாரன் அடிப்பாய்.

கடைசியாக உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். செல்வியை உன் காரிலேயே கூட்டிவந்து விட்டிருந்தேன். நீ பாதியாக இளைத்திருந்தாய். என்னைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "சுவிட்ச் தட்டினியா மச்சான்?" தட்டினேன் என்றேன். நீ கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மழையைப் பற்றிப் பேசினேன். வெளியே நாலு நாளாக மழை, அதைப் பற்றி ஒரு மனிதன் எவ்வளவு நேரம் பேச முடியுமோ அவ்வளவு நேரம் பேசினேன். அடுத்த வாரம் நீ இல்லை.

ஒன்பது மாதம் கழித்து, போன சனிக்கிழமை காலை செல்வி போன் செய்தாள். "அண்ணே, காடியில கண்ணாடி பூரா மூடிக்குது. காத்தே வர மாட்டேங்குது. பாப்பா லேர்னர்ஸ் எடுத்துட்டா, அப்பா காடியிலதான் பழகுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. வந்து பாக்குறீங்களா?"

அதே பிள்ளை, அதே வண்டி, உள்ளே நான் வெட்டிவிட்ட வயர். இன்று வேலையையும் முடிக்க வேண்டும், உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன். ஹில்ஸ்பரோ ஏற்றத்தில் இரண்டு தடவை வண்டியைத் திருப்பிவிடலாமா என்று தோன்றியது.

உன் கராஜில் எரிந்துபோன ஃபியூஸை மாற்றினேன், காற்று வந்தது. பாப்பா உள்ளே உட்கார்ந்து காற்றுக் குமிழைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள், உடனே ஃபியூஸ் மறுபடி போயிற்று. காரணம் பிடிபட்டது. கண்ணாடிக்குத் திருப்பினால் வண்டி தானாக ஏசியையும் போடப் பார்க்கிறது. ஏசியைக் கழற்றிவிட்டோம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. கம்ப்ரசருக்குக் கரண்ட் போகிறது. போன இடத்தில், ஆறு வருடத்தில் பசை இளகி என் டேப் கழன்று, வெறும் முனை வண்டியின் இரும்பு உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. காற்றுக்கும் ஏசிக்கும் ஒரே ஃபியூஸ் என்பதால் காற்றும் சேர்ந்து போகிறது. ஏசிக்குக் கரண்ட் விடும் ரிலேயைப் பிடுங்கினேன். முனையைச் சரியாக மூடலாம் என்று டார்ச் அடித்துப் பார்த்தேன்.

பக்கத்திலேயே அந்த மெல்லிய வயர். நான் வெட்டிய வெட்டு இல்லை. ஈயத்தால் சால்டர் வைத்து ஒட்டி, சூடுபட்டால் சுருங்கும் கறுப்புக் குழாய் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளியில் கட்டியிருந்தது. தயிர் டப்பாக்காரன் வேலை.

பாப்பாவிடம் என்ஜினை ஓடவிடச் சொன்னேன். அது சூடானதும் ஃபேன் தானாகவே சுற்ற ஆரம்பித்தது. யாரும் எதையும் தட்டவில்லை. நான் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துச் சுவிட்சைப் பிடித்து இழுத்தேன். அரையடி வயரோடு கையில் வந்துவிட்டது. அது எதிலும் இணைக்கப்படவில்லை. முனைகள் பாந்தமாக மூடப்பட்டிருந்தன.

"யூ ஓகே, அங்கிள்?" என்றாள் பாப்பா.

செல்வி டீயோடு வந்தாள். என் கையில் சுவிட்சைப் பார்த்துவிட்டு, "அதுவா? அது சும்மாதான் அண்ணே. காடி நின்னுபோச்சே, அதுக்கு அடுத்த மாசமே ஃபேன சரி பண்ணிட்டாரு. அப்பறம் இது எதுக்குன்னு கேட்டேன். அது மச்சானுக்கு லா, இருக்கட்டும்னாரு" என்றாள். "நீங்க ஏறினா மட்டும்தான் தட்டுவாரு. ஏதோ உங்களுக்குள்ள விளையாட்டுன்னு விட்டுட்டேன்."

நான் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெட்டியதையும், ஒன்று என்று பொய் சொன்னதையும், மோட்டார்வேயில் வாய்மூடி நின்றதையும். செல்வி தட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. "அன்னைக்கு நான் அவரோட ரெண்டு நாளு பேசல அண்ணே" என்றாள். தட்டை என் பக்கம் நீட்டி, "டீ ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் கோபமும் நியாயம், டீயும் நியாயம்.

உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வருகிறது தெரியுமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். நீ கேட்கவில்லை. என் வாயாலேயே வரட்டும் என்று ஒவ்வொரு சிக்னலிலும் குனிந்து, செத்த சுவிட்சைத் தட்டி, என் முகத்தைப் பார்த்தாய். ஐந்து வருடத்துக்கு மேல்! அவ்வளவு பொறுமை ஒரு மனிதனுக்கு ஆகாது. நானோ இரண்டு நிமிடம் பொறுக்க முடியாமல் வயரை வெட்டியவன், இந்த ஒன்றை மட்டும் எப்படி அவ்வளவு காலம் அடக்கிவைத்தேன்?

வண்டி நன்றாக இருக்கிறது. நேற்று மழையில் பாப்பா ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் என் கை தானாக டாஷ்போர்டுக்கு அடியில் போனது. அங்கே இப்போது ஓட்டை மட்டும்தான். சுவிட்ச் என் சட்டைப்பையில் இருந்தது. ஆபீஸுக்கும் கொண்டுபோகிறேன், இரவு தலைமாட்டில் வைக்கிறேன், எங்கே வைத்தாலும் கை தேடுகிறது.

ஆஸ்பத்திரியில் நீ கேட்ட கேள்விக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன். இதோ மீதி. தட்டினேன் மாப்ள. வெட்டினதும் நான்தான்.