உள்ளானின் சிறகில் ஒரு வெள்ளை பார்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டி என் தூக்கத்தைக் கெடுத்தவளே, என் ஸ்டெல்லா,

ஏழு மாதமாக யாரும் தட்டவில்லை. ஆனாலும் ஞாயிறு வந்தால் ஐந்தேகாலுக்கே முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து ஃபிளாஸ்க் நிறைய டீ போட்டு மூடிய பிறகுதான் இது யாருக்கு என்று உறைக்கிறது. மத்தியானம் வரை நானே அதைக் குடித்துத் தீர்க்கிறேன். நீ போன பிறகு ஏரிப்பக்கம் நான் ஒருநாள்கூடப் போகவில்லை.

உனக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். நாம் ஒன்பது வருஷமாக அடித்துக்கொண்ட இரண்டு பறவைப் புத்தகங்களும் என் மேஜைமேல் இருக்கின்றன. ஆமாம், இரண்டும்! எங்கள் ஏனாத்தூர்க் கல்லூரி நூலகத்துக்கு விரிவான பறவைப் புத்தகம் ஒன்று வாங்கலாம் என்று ஒருவழியாக அனுமதி வந்தது. சென்னைக் கடைக்காரர் இரண்டையும் அனுப்பிவைத்து, "பாத்துட்டு ஒண்ண வெச்சுக்கோங்க மேடம், இன்னொண்ண வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க" என்றார். இன்று புதன்.

இருபத்திரண்டு வருஷமாக நூலகத்தில் குப்பை கொட்டுகிறேன். எவ்வளவோ புத்தகங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இந்த இரண்டுக்கு நடுவில் மட்டும் திருதிருவென்று விழிக்கிறேன்.

ஒன்று என் கட்சி. ஒரே தொகுதி, வழவழத் தாள், எல்லாப் பறவைக்கும் புகைப்படம். இன்னொன்று உன் கட்சி. இரண்டு தொகுதி, ஒன்று முழுக்க ஓவியம், மற்றது முழுக்க எழுத்து. இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் தோள் இறங்கிவிடும். "கேமரா பொய் சொல்லாதுடி" என்பேன் நான். நீ பிள்ளையார்பாளையத்துப் பட்டுக்கடையில் சாயத்துக்குக் கலர் பொருத்திக் கொடுக்கிறவள், விடுவாயா?

"அட போக்கா. போட்டோவுல வெயிலு கலர மாத்திடும். எங்க கடையில தெனம் பாக்கறேன். போன்ல படத்தப் பாத்து வாங்கினு போறாங்க, அப்பறம் கலரு வேற மாதிரி இருக்குதுன்னு திருப்பிக் கொண்டாந்து நிக்கறாங்க. வரையறவன் பத்துப் பறவையப் பாத்துட்டு ஒண்ணு வரைவான். அதான் நெஜக் கலரு."

"இருக்கலாம்" என்பேன். அதற்குமேல் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. "ஒரே ஒரு தபா, நீ சொன்னது சரின்னு உன் வாயால சொல்லேன்கா" என்று எத்தனை முறை கேட்டிருப்பாய்! நான் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் நோட்டு இருக்கிறதே, அதிலும் இதே கதைதான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நோட்டு. ஒரு வாரம் உன்னிடம், ஒரு வாரம் என்னிடம். ஒவ்வொரு பறவைக்கும் எதிரே இரண்டு கையெழுத்து. இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் அது நாம் பார்த்த பறவை. நான் எழுதினால் 'பழுப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். நீ 'பாக்குக் கலர்', 'வெங்காயச் சருகு', 'மாம்பழக் கலர்' என்று கடையையே நோட்டுக்குள் இறக்கிவிடுவாய். அந்தக் கலருக்குப் பொருந்துகிற பட்டுநூலையும் கடையில் தேடி, பறவையின் பெயர்ச்சீட்டோடு எடுத்துவைப்பாய்.

தை மாதத்து அந்த ஞாயிறு வந்தது. சேற்றிலிருந்து நம் காலடியில் விருட்டென்று எழும்பியது ஓர் உள்ளான். விசிறிவால் உள்ளானா, ஊசிவால் உள்ளானா? இரண்டும் உட்கார்ந்திருந்தால் அச்சு அசல் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் பார்த்த மாத்திரத்தில் ஊசிவால் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

நீ மெதுவாகச் சொன்னாய். "இல்லக்கா, விசிறிவாலா இருக்கும். பறக்கறப்போ ரெக்கையப் பாத்தேன். பின்னால ஓரத்துல வெள்ளையா பார்டர் ஓடிச்சு."

"பொடவைக்குத்தான்டி பார்டரு. பறவைக்கு ஏது? எதப் பாத்தாலும் உனக்குப் பொடவைதானா?" என்றேன். பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, ஸ்டெல்லா. எரிச்சலில் சொன்னேன். உனக்கும் அது தெரிந்தது. வீடு வரும்வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாய். நோட்டு உன் பையில் இருந்தது.

அடுத்த ஞாயிறு நீ கதவைத் தட்டவில்லை. அவளே வரட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். உன் வீடு நாலு வீடு தள்ளித்தான். நாலு வீடு நடக்க எனக்குக் கால் வரவில்லை. பதினோராம் நாள், நெஞ்சு வலிக்கிறது என்று கடையிலிருந்து ஆட்டோவில் ஏறிய நீ ஆஸ்பத்திரி வாசலில் இறங்கவில்லை.

போன வாரம் உன் தம்பி டேனியல் வந்திருந்தான். கையில் நம் நோட்டு, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பட்டுநூல் கட்டு. "அலமாரிய ஒழிச்சிக்கினு இருந்தோம்கா. இத வெச்சிக்கினு நாங்க என்னா பண்ணப்போறோம்? உன்கிட்டதான் இருக்கணும்" என்றான். டீ குடிக்கச் சொன்னேன். உட்கார்ந்து குடித்தான். ஃபிளாஸ்க்கிலிருந்து இன்னொருவருக்கு டீ ஊற்றி ஏழு மாதம் ஆகியிருந்தது. அவன் போனதும் வாய்விட்டு அழுதேன். எனக்கு அழ வரும் என்று நீ நம்பமாட்டாய்.

நோட்டைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. புத்தகங்களிலும் உள்ளான் பக்கத்தைத் தவிர எல்லாவற்றையும் புரட்டினேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நமக்குள் மிச்சமிருக்கிற வாக்குவாதமும் முடிந்துவிடும். அது முடிந்தால் உன்னோடு பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது? இன்னொரு பயமும் இருந்தது. ஒருவேளை நீ சொன்னது சரியாக இருந்துவிட்டால்?

இன்று காலை நூலகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உன் நூல்கட்டைப் பிரித்தேன். பனங்காடையின் சிறகு நீலத்துக்கு நீ எடுத்து வைத்திருந்த நூலை இரண்டு புத்தகத்திலும் வைத்துப் பார்த்தேன். புகைப்படப் புத்தகத்தில் மூன்று படம், மூன்றும் மூன்று நீலம். எதிலும் நூல் சேரவில்லை. ஓவியத்தின்மேல் வைத்தேன். நூல் எங்கே, சிறகு எங்கே என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடவேண்டியிருந்தது.

அதற்கப்புறம் தள்ளிப்போட முடியவில்லை. உள்ளான் பக்கத்துக்குப் போனேன். என் கட்சிப் புத்தகத்தில் இரண்டு உள்ளானும் புல்லில் அழகாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றும் விளங்கவில்லை. உன் கட்சிப் புத்தகத்தில் ஓவியர் இரண்டையும் பறக்கவிட்டிருக்கிறார். ஊசிவாலின் சிறகு ஓரம் வெறுமனே இருக்கிறது. விசிறிவாலுக்குச் சிறகின் பின்னோரத்தில், சீராக, ஒரு வெள்ளைக் கோடு.

பார்டர்தான், ஸ்டெல்லா. வேறு எந்தச் சொல்லாலும் அதைச் சொல்ல முடியாது.

பிறகு நோட்டைத் திறந்தேன். அந்த ஞாயிற்றின் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: 'உள்ளான். முதுகு பாக்குக் கலர், மேலே சந்தனக் கோடு. ரெக்கை ஓரம் வெள்ளை பார்டர். பெயரை அக்கா பெரிய புத்தகம் வந்ததும் பார்த்துச் சொல்லட்டும்.' கீழே உன் கையெழுத்து. பக்கத்தில் எனக்காக விட்ட இடம் காலியாக இருந்தது.

கோபத்தில் நோட்டை மூலையில் போட்டிருப்பாய் என்று நினைத்தேன். நீயோ எனக்கு இடம் விட்டுவைத்திருக்கிறாய்.

புகைப்படப் புத்தகத்தைக் கட்டிவிட்டேன், நாளைக்கே கூரியரில் போய்விடும். உன் புத்தகம் இங்கேயே இருக்கும். புத்தகத்தில் கிறுக்குகிற பிள்ளைகளை நான் எப்படி விரட்டுவேன் என்று உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் இன்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'வெள்ளை பார்டரைப் பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறேன்.

நோட்டில் 'விசிறிவால் உள்ளான்' என்று பெயரை எழுதி, நீ விட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏழு மாதம் தாமதம்.

ஐப்பசியில் ஏரிக்குத் தண்ணீர் வரும், உள்ளான்களும் வரும். முதல் ஞாயிறு ஐந்தரைக்கு நான் கிளம்புவேன், யாரும் தட்டாவிட்டாலும். முதல் உள்ளான் எழும்பிப் பறக்கும்போது, மாடு மேய்க்கிறவர் சிரித்தாலும் சரி, ஏரி முழுக்கக் கேட்கும்படி சொல்லுவேன்: நீ சொன்னது சரி.

நாலு வீடு தள்ளி இருக்கும்
உன் அக்கா,
மல்லிகா