கரி மாளிகையும் நம் வீடு இருந்த இடமும்

கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்ப்பாய் என்று தோன்றவைக்கும் என் அண்ணனுக்கு,

உன் தம்பி இங்கிலாந்து பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே நர்ஸாக இருக்கும் உன் மகள் கவிதாதான் கூப்பிட்டுக்கொண்டாள். மந்தாரக்குப்பத்தில் இன்றைக்கு என்னை விசாரிக்காத கடை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மாளிகை ஒன்றுக்கு அழைத்துப் போனாள். நம் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு பிளாக் முழுவதையும் அதன் சமையலறைக்குள் வைத்துவிடலாம். சுற்றிக் காட்டிய அம்மாள் சொன்னதில் பாதியைக் கவிதா தமிழில் சொன்னாள். மீதி எனக்கே விளங்கிவிட்டது.

கட்டியவன் கம்பளி வியாபாரி. ராஜாவுக்கு விருந்து வைத்தே பிரபுப் பட்டம் வாங்கியவன். அன்றைக்கு ஆயிரம் மயில் வெந்திருக்கும். பேரன் காலத்தில் தோட்டத்துக்கு அடியில் நிலக்கரி கிடைத்தது. அப்புறம் கேட்பானேன், பளிங்குப் படி, குதிரைக்குத் தனி மாளிகை. அடுத்தவன் பந்தயத்தில் பாதி நிலத்தை விட்டான். கடைசிப் பிரபு காலத்தில் நாட்டுக்குக் கரி போதவில்லை என்று அரசாங்கமே பூந்தோட்டத்தைத் தோண்டிக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்துவிட்டதாம். அவர் மாடி ஜன்னலில் நாற்காலி போட்டுத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாராம். வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஜன்னலருகில்தான் உன் மகள் கேட்டாள். "சித்தப்பா, கரிச் சுரங்கத்துக்காக நம்ம வீடு இருந்த எடத்தத் தோண்ட வந்தப்ப, அப்பா மெஷினுக்கு முன்னால படுத்தார்னு சொல்வீங்களே. ஆஸ்பத்திரியில கடைசியா அப்பா, 'அந்த மெஷின ஓட்டினதே நான்தான்'னார். எது நிஜம்?"

நீ படுத்தாய், நாலு ஆபீசர் கும்பிட்டுத் தூக்கினார்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அவள் அதைக் கேட்டே வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் கட்டுரையாகவும் எழுதியவள். நீ ஒரு நாளும் மறுத்ததில்லை. ஏன் அண்ணா? அவளுக்காகவா, எனக்காகவா?

"ஓட்டினது அவருதாம்மா," என்றேன். "அன்னிக்கு அவருக்கு லீவு. வேற ஒருத்தரு ஷிஃப்ட்டக் கேட்டு வாங்கிகினு போனாரு. யாரோ ஒருத்தன் தோண்டறதுக்கு நானே தோண்டிடறேன்னாரு."

அவள் வெளியே புல்வெளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மருந்து மயக்கத்துல பேசறார்னு நெனச்சேன். பேசாம தூங்குங்கப்பான்னுட்டேனே சித்தப்பா."

நீ இன்னும் என்ன சொல்ல இருந்தாயோ?

அடுத்த மாதம் உன் திதிக்கு வருகிறாள். தோண்டிய இடத்தை மூடி இப்போது மரம் நட்டிருக்கிறார்கள். அங்கே அவளை அழைத்துப் போவேன். நீ அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து, யாரோடும் பேசாமல் சாப்பிட்டுப் படுத்ததைச் சொல்வேன். வீடு எந்த மரத்தடியில் என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொல்வேன், அண்ணா.

உன் கூடப்பிறந்த தம்பி,
நடேசன்