யாருடி ஜெயிச்சா?

பழைய கைப்பையைத் தூக்கிப் போடலாம் என்று இன்று காலை மேசையில் கவிழ்த்தேன். ஒரு சீப்பு, எழுதாத பேனா, மஞ்சளாக ஓர் உருண்டை. மிட்டாய் என்று நினைத்து முகர்ந்துகூடப் பார்த்தேன். செப்பாங் பந்தயத் திடலில் நீ என் காதில் திணித்த அடைப்பான் அது. விரலால் நசுக்கினால் மெல்ல உப்பிப் பழைய உருவத்துக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தபோதே உனக்கு பைக் பந்தயப் பைத்தியம். பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குப் பவர் பார்ப்பாய். பந்தயம் வந்தால் லீவு போட்டுவிட்டு, ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டு தொண்டராகப் போய்விடுவாய். உன் இடம் ஒன்பதாவது வளைவு. யாராவது விழுந்தால் மஞ்சள் கொடியை ஆட்டி, பின்னால் வருகிறவர்களை எச்சரிப்பதுதான் உன் வேலை.

"ஒரு தடவை நேர்ல வந்து பாரு லா. அப்புறம் அந்த டிவியத் தூக்கி யாருக்காவது குடுத்துருவ" என்றாய். வந்தேன். புல்மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தச் சத்தம் காது வழியாக வரவில்லை, விலா எலும்பு வழியாக வந்தது. அதை அன்றே ஒப்புக்கொண்டேன். ஆனால் நான்கைந்து சுற்றுக்குப் பிறகு யார் முன்னால் போகிறார், யார் பின்தங்கியவர் என்று ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்திலிருந்த அங்கிளைக் கேட்டேன்.

"எனக்கும் தெரியாதும்மா. செவப்பு பைக் வந்தா கைதட்டுவேன்" என்றார்.

திரும்பும்போது காரில் நமக்குள் பெரிய வழக்கு. வீட்டில் இருந்திருந்தால் ஃபேன் காற்றில் டீ குடித்துக்கொண்டே யார் எத்தனாவது என்று பார்த்திருப்பேன் என்றேன்.

"நீ ரேஸப் பாக்கலடி, ரிசல்ட்டப் பாக்குற."

"நீ மட்டும்? முழு ரேஸுல ஒரே ஒரு வளைவப் பாக்குற."

நீ ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தாய். "சரி, பங்கு போட்டுக்குவோம். சத்தம் எனக்கு, ரிசல்ட் உனக்கு."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. பணியில் இருக்கும்போது தொண்டர்களுக்குப் போன் கூடாது. பந்தயம் முடிந்து, பையிலிருந்து போனை எடுத்ததும் கிள்ளானில் என் வீட்டுக்குத்தான் முதல் அழைப்பு. ஹலோ கிடையாது. "யாருடி ஜெயிச்சா?" நான் செய்தி வாசிப்பதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒப்பிப்பேன். இரண்டு பேர் சேர்ந்துதான் ஒரு பந்தயத்தை முழுதாகப் பார்த்தோம்.

ஓர் ஆண்டு, இரண்டாவது சுற்றிலேயே உன் வளைவில் ஒரு பைக் சறுக்கியது. ஆள் ஒரு பக்கம் உருள, பைக் மட்டும் ஓரத்துச் சரளைக் கற்களில் குதித்துக் குதித்துத் தடுப்பை நோக்கிப் போனது. ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் ஓடினார்கள். அதில் ஒருவர் விழுந்தார். குட்டையான உருவம். உடனே கேமரா முன்னால் போகிறவரிடம் தாவிவிட்டது.

"அவதாங்க அது" என்றேன்.

என் கணவர் முறுக்கை மென்றுகொண்டே, "பெருசா ஏதாச்சும்னா திருப்பிக் காட்டுவான் லா" என்றார்.

திருப்பிக் காட்டினார்கள். பைக் விழுந்ததை, மூன்று கோணத்தில். நீ விழுந்ததை ஒரு கோணத்திலும் காட்டவில்லை. இத்தனை கேமரா இருந்தும் எனக்கு வேண்டிய ஓர் ஆள் அதில் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவு வரும் இரண்டு விநாடிக்காகக் காத்திருந்தேன். தூரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள். எண்ணினால் ஒரு சுற்றில் ஐந்து, அடுத்ததில் நான்கு. புல்மேட்டில் உட்கார்ந்திருந்தால் எழுந்து ஓடியாவது வந்திருப்பேன். சோபாவிலிருந்து எங்கே ஓடுவது?

பந்தயம் முடிந்து கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

"யாருடி ஜெயிச்சா?"

நாற்பது நிமிடம் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறேன், யார் ஜெயித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியல" என்றேன்.

"டிவி முன்னாடிதான உக்காந்திருந்த?"

"நீ விழுந்தியா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல."

"அதுவா? கல்லுல கால் வழுக்கிருச்சு. முட்டி தேஞ்சு போச்சு. கொடிய மட்டும் விடல." உடனே என்னைப் பிடித்துக்கொண்டாய். "அப்ப நீயும் ஒரே ஒரு வளைவத்தான் பாத்தியா?"

உன் சிரிப்பில் போனே அதிர்ந்தது. நான் அழுதுகொண்டிருந்தது உனக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் முடிவைச் சொன்னது முறுக்கோடு என் கணவர்தான்.

நீ போனது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலில். பைக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போதும் எல்லாப் பந்தயத்தையும் பார்க்கிறேன். கேமரா முன்னால் போகிறவரிடம் தாவும்போது என் கண் கூடவே தாவுவதில்லை. போன மாதம் கடைக்குப் போய்த் திரும்பிய கணவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே யார் ஜெயித்தது என்று கேட்டார்.

"கவனிக்கலங்க" என்றேன். "ஆனா ஆறாவது வளைவுல கொடி புடிச்ச பொண்ணுக்கு இடது கைப் பழக்கம்."